மாஸ்டர் பின்னால் உட்கார்ந்த நாள்

சந்தைக்குப் பின்னால் போகும் சந்தில், பஞ்சர் கடைக்கும் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கொட்டகைக்கும் நடுவில் அவளுடைய கடை. பெயர்ப் பலகை கிடையாது. வாசல் கம்பியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் சீட் தலைகீழாகத் தொங்கும். அதுதான் பலகை, அதுதான் விளம்பரம். உள்ளே ஒரு தையல் மெஷின், சுருள் சுருளாக ரெக்சின், ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பாஞ்ச், அதை அறுக்க ஒரு நீளக் கத்தி. சந்து முழுக்க அவளை சீட் அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிட வயதில் மூத்த பெயின்ட்காரருக்கும் அவள் சீட் அக்காதான்.

கிழிந்த சீட்டைக் கொண்டுவந்து போட்டால், அதைப் புரட்டிப் பார்த்தே வண்டிக்காரனின் சரித்திரத்தைச் சொல்லிவிடுவாள். "முன்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகல." "பின்பக்கம் இடது ஓரம் கிழிஞ்சிருக்கு. வீட்டுக்காரம்மா ஒருபக்கமா உக்காந்து வராங்க, கைப்பைக் கொக்கி குத்துது." சொன்னது பலிக்கும்போது கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

மோட்டார் சைக்கிள் சீட்டையே பிழைப்பாக வைத்திருந்தவள் மோட்டார் சைக்கிள் ஓட்ட மாட்டாள். தைத்து முடித்த சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமென்றால் பஸ்தான். உட்கார இடம் கிடைத்தால் மடியில், கிடைக்காவிட்டால் நெஞ்சோடு. "ஏம்மா, சீட்டைக் கையில வச்சுக்கிட்டே நிக்கிறியே, கீழ போட்டு உக்காரேன்" என்று கண்டக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் பஸ் சிரிக்கும்.

ஏன் ஓட்ட மாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். அவள் புருஷன் சொல்லித்தான் தெரியும்.

புருஷன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கெட்டிக்காரர் என்று சொல்ல வேண்டும். வண்டியைத் தொடவே நடுங்குகிறவர்களையும் சந்தை நெரிசலில் ஓட்ட வைத்துவிடுவார். குரலை உயர்த்த மாட்டார், யாரையும் முட்டாள் என்று சொல்ல மாட்டார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வகுப்பில் ஒரு கதை சொல்வார். அந்தக் கதைக்காகவே பழைய மாணவர்களும் வந்து ஜன்னலோரம் நிற்பதுண்டு. நண்டுக் கதை.

"எங்களுக்குக் கல்யாணமான புதுசு. கோடைக்காலம். கடலோர ரோட்ல வண்டியில போறோம். ஆசையா கேட்டா, சரி ஓட்டுன்னு குடுத்துட்டேன். ஒரு வளைவு வருது. வளைவு தாண்டி ஒரு பெரியவர் நண்டுக்கூடைய வரிசையா வச்சு வித்துக்கிட்டு இருக்கார். இவ என்ன பண்றா? கடல்ல கப்பல் போகுது பாருங்கன்னு ஒரு கைய எடுத்து நீட்டி, கழுத்தத் திருப்பி, என்கிட்ட பேசுறா. நான் பின்னாடி இருந்து கத்துறேன், முன்னாடி பாரு, முன்னாடி பாருன்னு. அந்த முதல் கூடை, நீலக் கயிறு கட்டின கூடை, நேரா மூஞ்சிக்கு வந்துச்சு பாருங்க, இன்னைக்கும் கண்ணுக்குள்ளயே நிக்குது. தடால்னு ஒரு சத்தம். ரோடு பூரா நண்டு. நண்டு பக்கவாட்டுலதான நடக்கும்? அன்னைக்கு அத்தனை நண்டும் நேரா ரோட்டைக் கடந்து போச்சு. குறுக்க போனது என் பொண்டாட்டி மட்டும்தான்."

சிரிப்பு ஓயும்வரை காத்திருப்பார். பிறகு தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டி, "கண்ணு எங்க போகுதோ வண்டி அங்க போகும். இதுதான் முதல் பாடம்" என்பார்.

வகுப்போடு நின்றதா என்றால், இல்லை. நாலு பேர் கூடிய இடமெல்லாம் நண்டு ஊர்ந்தது. "அண்ணா, அந்த நண்டுக் கதையச் சொல்லேன், என் மாமியார் கேட்டதே இல்லையாம்" என்று அவளுடைய நாத்தனார் தூண்டிவிடுவாள். சொல்லி முடித்ததும் இவள் பக்கம் திரும்பி, "அண்ணி, கோவிச்சுக்காதீங்க, சும்மா தமாஷுக்கு" என்பாள். இவள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போவாள்.

நடந்ததெல்லாம் அப்படியேதான் நடந்தது. வளைவு நிஜம், கப்பல் நிஜம், நீலக் கயிறும் நிஜம். ஒன்றுதான் மாறியிருந்தது. ஓட்டியது அவர். பின்னாலிருந்து 'முன்னாடி பாரு' என்று கத்தியது அவள்.

நண்டு விற்றவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு விட்டுப்போனது. யாரோ போலீசுக்குச் சொல்லப் போயிருந்தார்கள். சாலையோர மணலில் அவளைச் சாய்த்து உட்கார வைத்து, அவர் காதோரம் குனிந்து சொன்னார். "நீ ஓட்டினேன்னு சொல்லிடும்மா. நான்னு தெரிஞ்சா எவனும் என்னை மாஸ்டரா வச்சுக்க மாட்டான். வேலையே போயிடும். இந்த ஒரு தடவை. செத்தாலும் மறக்க மாட்டேன்." அவள் வலியில் இருந்தாள், காதலிலும் இருந்தாள். இரண்டும் சேர்ந்த நேரத்தில் மனுஷி எதற்கும் தலையாட்டுவாள். ஆட்டினாள். அவளுடைய லைசென்ஸ் போயிற்று. கல்யாணத்துக்கு முன்பே சொந்தமாக வண்டி வைத்து, சீட்டுகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கொடுத்து வந்தவள், பஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டாள்.

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் ரொம்ப நாள் தாங்காது என்பார்கள். இந்தச் சொல் தாங்கியது. முதலில் அவர் அதைப் பற்றிப் பேசவே கூசினார். பிறகு யாரோ கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொன்னார். அப்புறம் அந்த வரிக்கு யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ருசித்தது. நண்டு கொழுத்தால் வளையில் தங்குமா? கதை வளர வளர, அவர் மெல்ல மெல்ல முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்கு நகர்ந்துவிட்டார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வேலைக்காகச் சொன்ன பொய், வேலை இருக்கிறவரை இருக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

ஒரு நாள் ஸ்கூல் வண்டிக்கு உறை மாற்றிய சீட்டைக் கொண்டுபோனவள், வகுப்பு நடக்கிற ஜன்னலைத் தாண்டும்போது கதையின் வால் காதில் விழுந்தது. வாலில் புதிதாக ஒரு மயிர் முளைத்திருந்தது.

"அன்னைக்கே நான் அவளை மன்னிச்சிட்டேன்" என்றார் மாஸ்டர். "இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை குத்திக் காட்டினது இல்ல."

வகுப்பில் யாரோ 'உச்' கொட்டினார்கள்.

அவள் சீட்டை ஆபீஸ் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தாள். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. நடந்தே கடைக்கு வந்து, மெஷினில் உட்கார்ந்து, பெடலை மிதிக்காமல் வெகுநேரம் இருந்தாள். நண்டைப் பொறுத்தாள், சிரிப்பைப் பொறுத்தாள், நாத்தனாரின் மாமியாரைக்கூடப் பொறுத்தாள். 'மன்னிச்சிட்டேன்' என்ற ஒரு சொல்லை அவளால் பொறுக்க முடியவில்லை. குத்தியவன் கத்தியைத் துடைத்துக்கொண்டே, 'பரவாயில்லை, என் சட்டையில் ரத்தம் பட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை' என்று சொன்ன மாதிரி இருந்தது.

அவரை வெறுத்தாளா? வெறுத்திருந்தால் விட்டுப் போயிருப்பாள். பழி வாங்குவதற்கு ஆள் பக்கத்தில் வேண்டும்.

சீட் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி அடுத்த ஊர் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கை மறக்கவில்லை, இரண்டு சுற்று ஓட்டிக் காட்டியதும் அந்த மாஸ்டர், "எதுக்கும்மா காசைக் கொண்டாந்து இங்க கொட்டுறீங்க, உங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்காரே" என்றார். "வீட்டுல இருக்கிறவருக்கு நேரம் இல்லீங்க" என்றாள். புது லைசென்ஸ் கைக்கு வந்தது. கைப்பையின் உள்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

அந்தக் கோடையில்தான் மாஸ்டருக்கு விருது வந்தது. டிரைவிங் ஸ்கூல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், கடலோரமாகவே தெற்கே போனால் வரும் ஒரு பெரிய ஊரில். சிறந்த பயிற்சியாளர் என்று ஒரு கேடயம் தருகிறார்கள். சங்கத் தலைவர் போனிலேயே சொல்லிவிட்டார்: "மாஸ்டர், பேசும்போது நண்டு கண்டிப்பா வரணும்."

வீட்டுக்கு வந்தவர் குழந்தை மாதிரி இருந்தார். "நாம ரெண்டு பேரும் வண்டியிலயே போவோம். அதே கடலோர ரோடு. கல்யாணம் ஆனப்ப பாதியில நின்னுபோன பயணம், இப்ப முடிச்சிடுவோம். என்னம்மா சொல்ற?"

"போவோம்" என்றாள்.

"ஒரு புது சீட் போட்டுக் குடேன். ராஜா மாதிரி உக்காந்து போகணும்."

"ராஜா மாதிரியே உக்காருவீங்க" என்றாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கூட்டத்தில், அத்தனை மாஸ்டர்கள் முன்னால், அவர் தன் வாயால் சொல்ல வேண்டும், அன்று ஓட்டியது யாரென்று. அழுது கேட்டால் கிடைக்காது. அழுகைக்கு அவரிடம் நல்ல பதில் இருந்தது, தோளில் தட்டுவார். முதலில் வண்டி கைக்கு வரவேண்டும். பின் சீட்டில் அவர் உட்கார வேண்டும். மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த சீட்டை அவள் ஆசை ஆசையாகச் செய்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய உடம்பு அவளுக்கு மனப்பாடம். எந்தப் பக்கம் சாய்வார், எந்த எலும்பில் பாரம் போடுவார் என்று தெரியும். மேலே மெத்து மெத்தென்று மிருதுவான ஸ்பாஞ்ச். அதற்குக் கீழே, அவருடைய எலும்பு இறங்கும் இடம் பார்த்து, கெட்டி ஸ்பாஞ்சில் ஒரு சின்ன மேடு. பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. கொஞ்ச தூரம் ஓட்டினாலும் தெரியாது. மேல் ஸ்பாஞ்ச் சூட்டில் அமுங்க அமுங்க, அடியில் இருப்பது எழுந்து வரும். பின் சீட்டை மட்டும் தன் உயிரைக் கொடுத்துச் செய்தாள். உட்காருகிறவர்களுக்குக் குறையே இருக்கக்கூடாது.

மாஸ்டர் ஏறி உட்கார்ந்து இரண்டு குதி குதித்தார். "ஆஹா. பெயின்ட்காரரே, இதைப் பாருங்க. என் பொண்டாட்டி கைவேலை."

"குடுத்து வச்சவர் மாஸ்டர் நீங்க" என்றார் பெயின்ட்காரர்.

விடியலில் கிளம்பினார்கள். ஊர் தாண்டி, உப்பளம் தாண்டி, பனிப்புகைபோல் வெயில் எழும்பும்போது இடப்பக்கம் கடல் வந்து சேர்ந்துகொண்டது. மாஸ்டர் ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டே ஓட்டினார். அவள் அவர் தோள்மேல் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

முதலில் பாட்டு நின்றது. பிறகு தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. சற்று நேரத்தில் மறுபக்கம். பள்ளம் வந்தால் எழுந்து நின்று ஓட்டினார். அப்புறம் பள்ளமே இல்லாத இடத்திலும் எழுந்து நின்றார். ஒரு டீக்கடையில் நிறுத்தி, டம்ளரை வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

"பெஞ்சு காலியா இருக்கே. உக்காந்து குடிங்களேன்" என்றாள்.

"கடலைப் பாக்கணும்மா. உக்காந்தா தெரியாது."

அடுத்த டீக்கடையிலும் கடலைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த கடையிலிருந்து கடலே தெரியவில்லை, அங்கேயும் நின்றார்.

"சீட் எப்படிங்க இருக்கு?"

"பிரமாதம்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. ஓட்டத் தெரியாதவன்தான் வண்டியைக் குறை சொல்வான் என்பது அவருடைய இரண்டாம் வகுப்புப் பாடம்.

பின்னால் அவள் சொகுசாக இருந்தாள். வலைகள் காயும் மணல், பெயின்ட் உரிந்த படகுகள், குடைக்குக் கீழே தூங்கும் வியாபாரிகள், எல்லாவற்றையும் பார்த்தாள். அவர் ஒவ்வொரு முறை நெளியும்போதும் அவளுக்குள் ஒரு சின்ன இனிப்பு கரைந்தது. பாவம் என்று தோன்றியதா என்றால், தோன்றியது. தோன்றிய உடனே 'மன்னிச்சிட்டேன்' என்ற சொல்லை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். பாவம் போய்விடும்.

சாயங்காலம் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். மறுநாள் காலையில் மாஸ்டர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். டயரை உதைத்துப் பார்த்தார். ஏறி உட்காருவதைத் தவிர எல்லாம் செய்தார்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சும்மா" என்றார் கடைசியில். "வயசாகுதுல்ல. வண்டிய இங்கயே போட்டுட்டு பஸ்ல போயிடலாமா?"

"நான் ஓட்டவா?"

அவர் சிரித்தார். "உனக்கு லைசென்ஸ் ஏது?"

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது எப்ப?"

"நீங்க நண்டுக் கதை சொல்லிக்கிட்டு இருந்தப்ப."

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே கத்துக் குடுத்திருப்பேனே" என்றார். உண்மையாகவே மனம் நொந்து சொன்னார். அதுதான் அவளை இன்னும் எரித்தது.

"ஏங்க, நேராவே கேக்குறேன். அன்னைக்கு வண்டி ஓட்டினது யாரு?"

"என்னைக்கு?"

"நண்டு அன்னைக்கு."

"நீதான்" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது அவருக்குக் காது மடல் துடிக்கும். இப்போது துடிக்கவில்லை. கண் தாழவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இதை ஏன் கிளப்புகிறாள் என்ற குழப்பம் மட்டும் இருந்தது. "நான்தான் பின்னாடி இருந்து கத்தினேனே, முன்னாடி பாருன்னு. மறந்துட்டியா?" என்றார்.

பொய்யனைப் பழி வாங்கலாம். இவர் பொய்யன் இல்லை. சொல்லிச் சொல்லி, சிரிப்பு வாங்கி வாங்கி, நிஜத்தைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் கதையை உட்கார வைத்துவிட்டார். அவளுடைய லைசென்ஸைக் கொடுத்தாள், பெயரைக் கொடுத்தாள். அவள் அன்று தொண்டை கிழியக் கத்திய கத்தலையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். ஒன்றும் செய்யாதவர்போல நிற்கிற ஆளிடம் எதற்குப் பழி வாங்குவது? ஞாபகம் இல்லாதவனுக்குத் தண்டனை கொடுத்தால் அது வெறும் இடுப்பு வலிதான்.

"ஏறுங்க" என்றாள்.

அவர் பின் சீட்டில் ஏறினார். உட்கார்ந்ததும் அவரை அறியாமல் ஒரு பெருமூச்சு விட்டார். "அப்பாடா, இது நல்லா இருக்கே" என்றார்.

அவள் முன்னால் நெருக்கி உட்கார்கிறவள். அவருக்கென்று வைத்த மேடு அவளுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. வண்டி எடுத்தாள். முதல் கியரிலேயே அவர் ஆரம்பித்தார். "கிளட்சை மெதுவா விடு. ஹாரன் அடி. அந்த சைக்கிள்காரனப் பாத்துக்கோ." சாலை அவளுக்கு அடியில் ஓடியது. அந்த ஓட்டத்தை எத்தனை வருஷமாகத் தராமல் வைத்திருந்தார்கள் என்று நினைக்க நினைக்கக் கை சூடேறியது.

வெயில் ஏறிய நேரத்தில் வளைவு வந்தது. அந்த இடத்தில் இப்போது நண்டு விற்பவர்கள் யாரும் இல்லை. மணல், ஒரு பழைய பலகைத் தட்டி, தாண்டினால் கடல். வண்டிகளே இல்லை. அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"இதுதான் அந்த இடம்" என்றாள். "தெரியுதா?"

"ஆமா, இதேதான்."

"அந்தத் தட்டி இருக்கிற இடத்துலதான் முதல் கூடை இருந்துச்சு. நீலக் கயிறு. இப்ப அந்தத் தட்டி உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

அவர் எட்டிப் பார்த்தார். "உன் ஹெல்மெட்டு மறைக்குது."

"கொஞ்சம் சாஞ்சு பாருங்க."

"உன் முதுகுதான் தெரியுது. ரோடே தெரியல."

"நேரா மூஞ்சிக்கு வந்துச்சுன்னு சொல்லுவீங்களே. பின்னாடி உக்காந்திருந்த ஆளோட மூஞ்சிக்கு அது எப்படிங்க நேரா வரும்?"

வளைவு முடிந்து நேர்ச்சாலை வந்தது. அவள் வேண்டுமென்றே ஒன்று செய்தாள். அப்படிச் செய்வாள் என்று அவளுக்கே முந்தின நிமிஷம்வரை தெரியாது. ஒரு கையை எடுத்துக் கடல் பக்கம் நீட்டி, கழுத்தைத் திருப்பி, அவர் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "அங்க பாருங்க, கப்பல் போகுது."

அன்று அவர் சொன்ன அதே சொற்கள். அதே இழுப்பு.

"முன்னாடி பாரு" என்று அவர் கத்தினார். கத்திய குரல் பாதியில் உடைந்தது. அவள் திரும்பி ஹேண்டிலைப் பிடித்தாள். வண்டி ஒரு முழம்கூட விலகவில்லை. அவளுடைய தோளைப் பிடித்திருந்த அவர் கை, எலும்பு விட்டுப்போன அந்தத் தோளை, நசுங்குகிற மாதிரிப் பிடித்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும் பிடி தளர்ந்தது. பிறகு கையை எடுத்துவிட்டார். அவளைத் தொடாமல், சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஊர் எல்லையில் நிறுத்தச் சொன்னார். இறங்கி மணலில் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, "நான்தான்" என்றார். "நான்தானே ஓட்டினேன்?"

"ஆமா."

"எப்படிம்மா எனக்கு..."

"அது எனக்குத் தெரியாது. இன்னைக்குக் கூட்டத்துல நண்டுக் கதை கேப்பாங்க. சரியாச் சொல்லுங்க."

"அத்தனை பேர் முன்னாடியா? என் வேலை..."

"அதே வார்த்தையத்தான் அன்னைக்கும் சொன்னீங்க" என்றாள்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் காற்றாடிகள் சத்தமாகச் சுற்றின. பிளாஸ்டிக் நாற்காலிகளில் மாஸ்டர்களும் அவர்கள் மனைவிமார்களும். மேடையில் தொந்தி பெருத்த சங்கத் தலைவர் கேடயத்தைக் கொடுத்து, மைக்கையும் கொடுத்து, "நண்டு, நண்டு" என்றார். கூட்டமும் "நண்டு" என்றது.

மாஸ்டர் வளைவுவரை வந்தார். கப்பல்வரை வந்தார். அங்கே நின்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் கை கோத்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

"இந்தக் கதைய நான் இத்தனை நாளும் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். "ஓட்டினது இவ இல்ல. நான். கழுத்தத் திருப்பினது நான். பழிய இவ ஏத்துக்கிட்டா."

காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதற்காகத்தானே வந்தாள்.

சங்கத் தலைவர் எழுந்தார். மாஸ்டரின் தோளில் கை போட்டு மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா? இதான் நம்ம மாஸ்டர். வீட்டுக்காரம்மா எதிர்ல உக்காந்திருக்காங்கன்னு பழிய எடுத்துத் தன் தலையில போட்டுக்கிறார். பாடம் எடுக்கிறவன் மனசு இப்படி இருக்கணும்."

மண்டபம் அதிரக் கை தட்டியது.

"இல்லீங்க, நெஜமா" என்றார் மாஸ்டர். கைத்தட்டல் கூடியது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு மாஸ்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு இவள் கையைப் பிடித்தாள். "எனக்கும் ஒருத்தர் வாச்சிருக்காரே. செஞ்ச தப்பையே ஒத்துக்க மாட்டார். நீங்க குடுத்து வச்சவங்க அக்கா."

சிங்கத்தின் குகைவரை போய், சிங்கத்துக்கு மாலை போட்டுவிட்டு வந்த மாதிரி ஆயிற்று. அவள் மேடையைப் பார்த்தாள். கைத்தட்டல் ஓய ஓய, மாஸ்டரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து படிவதைப் பார்த்தாள். அவர் மூன்றாம் முறை மறுக்கவில்லை. கேடயத்தை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு கும்பிட்டார்.

வண்டி நிறுத்திய இடத்தில் அவர்தான் முதலில் பேசினார். "சொல்லிட்டேன்ல?"

"சொன்னீங்க. யாரும் நம்பலயே."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்? நான் உள்ளதச் சொன்னேன்."

"என் பேர்ல சொன்னதை நம்ப வைக்க உங்களுக்கு எத்தனை வகுப்பு ஆச்சு?"

அவர் கேடயத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"இதுக்கும் அத்தனை எடுத்துக்குங்க" என்றாள். "ஒவ்வொரு புது வகுப்புலயும் சொல்லுங்க. நம்புற வரைக்கும் சொல்லுங்க. நான் கடைசி பெஞ்சில உக்காந்து கேப்பேன்."

"இது கொடுமைம்மா."

"ஆமாங்க" என்று வண்டியைக் கிளப்பினாள்.

அன்றிலிருந்து முதல் வகுப்பு நடக்கிற நாளில் கடைக்கதவைச் சாத்திவிட்டு, புதிதாக வாங்கிய தன் வண்டியில் ஸ்கூலுக்குப் போவாள். கடைசி பெஞ்சில், ரெக்சின் துணுக்குகள் ஒட்டிய புடவையோடு உட்காருவாள். அவர் சொல்வார். முதலில் தட்டுத் தடுமாறினார். எங்கே சிரிப்பு வரும் என்று பழகிய நாக்கு பழைய இடத்துக்கே ஓடியது. நண்டு நேராக நடந்தது என்று சொல்லப் போனவர், அவளைப் பார்த்ததும் விழுங்கிக்கொள்வார். வகுப்பில் சிலர் சிரிப்பார்கள். சிலர், "மாஸ்டர் ரொம்ப நல்லவரு" என்று கிசுகிசுப்பார்கள். ஒருவரும் நம்பவில்லை. மாஸ்டர் மெலிந்தார். வகுப்பு நாள் வந்தால் காலையில் சாப்பாடு இறங்காது.

நாத்தனார் கடைக்கே வந்துவிட்டாள். "அண்ணி, அண்ணனை ஏன் இப்படிப் போட்டு வதைக்கிறீங்க? அவர்தான் சொல்லிட்டாரே."

"நான் வதைக்கலம்மா. அவர் கதை சொல்றார். நான் கேக்குறேன். நீங்கல்லாம் ஆசையாக் கேட்டீங்களே, அது மாதிரி."

"நாங்க சிரிச்சோம். நீங்க சிரிக்கலயே."

"எனக்கு எப்பவும் அந்தக் கதையில சிரிப்பு வந்ததில்ல" என்று கத்தியை எடுத்து ஸ்பாஞ்சை அறுக்கத் தொடங்கினாள். நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மழை விட்ட ஒரு நாள் புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. அதில் ஒரு நடுவயது நர்ஸ். வேலை முடிந்த உடுப்போடேயே வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் கதையைச் சொல்லி முடித்தார். பழக்கப்படி ஓரிருவர் சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளுங்கம்மா."

"நீங்கதான ஓட்டினீங்க?"

"நான்தான்."

"லைசென்ஸ் போனது உங்க வீட்டம்மாவுக்கு."

"ஆமா."

"அப்ப நீங்க எந்த லைசென்ஸை வச்சுக்கிட்டு எங்களுக்குச் சொல்லித் தர்றீங்க? அந்தப் பெரியவர், கை ஒடிஞ்சவர், அவருக்காவது உண்மை தெரியுமா?"

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். பெஞ்சுகளில் எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். இந்த முறை 'நல்லவர்' என்று யாரும் கிசுகிசுக்கவில்லை. ஆபீஸ் அறையிலிருந்து ஸ்கூல் முதலாளி எதற்கோ எழுந்து, கதவருகில் வந்து நின்றார்.

மாஸ்டர் சாக்பீஸைக் கையில் உருட்டினார். கடைசி பெஞ்சைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும் அவருக்கு. 'விடுங்கம்மா, பழைய கதை' என்று அவள் சொல்லிவிட்டால், நர்ஸ் உட்கார்ந்துவிடுவாள், முதலாளி உள்ளே போய்விடுவார், வகுப்பு கியருக்கும் கிளட்சுக்கும் நகர்ந்துவிடும். அவர் கண் அதைத்தான் கேட்டது.

அவள் பெஞ்சில் கைகளை ஊன்றி, அவர் சொல்லப் போவது ஒன்றும் தவறிவிடாதபடி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.